மணிபல்லவத்தில் தனித்துப்போனவன்

ஹொலிவூட் படங்களை ஓடிப்போய்ப் பார்ப்பவன் அல்லன் நான். ஆனாலும் 2007ஆம் ஆண்டு வெளியான 'ஐ ஆம் லெஜண்ட்' படத்தை, வீட்டுப் பிள்ளைகளின் வற்புறுத்தலால் இருந்து பார்த்தேன். கொள்ளைநோய் ஒன்றில் மனிதர் யாவரும் அழிந்துபோக, வில் ஸ்மித் ஒருவரே ஒரு நாயுடன் நியூயோர்க் நகரில் எஞ்சியிருக்கிறார். தார் வீதிகளைப் பிளந்துகொண்டு புல் வளர்ந்திருக்கிறது. மான்கள் கூட்டமாய் ஓடுகின்றன. பேச ஆளில்லாத அம்மனிதர் கடையொன்றில் நிற்கும் ஆடைப் பொம்மைகளுடன் பேசிப் பழகுகிறார். பிள்ளைகள் இருளில் பதுங்கியிருக்கும் பிசாசு மனிதர் எப்போது பாய்வார்கள் என்று காத்திருந்தனர். எனக்கோ அந்தப் புல்லைத் தாண்டி மனம் நகரவில்லை. அந்தப் புல்லை நான் முன்னரே கண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி தாண்டி, அல்லைப்பிட்டிப் பக்கமாகப் போகும் வீதியில்.

உலகம் அழிந்த பின்னர் எஞ்சியவர் கதை மேனாட்டுச் சினிமாவில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. மேற்சொன்ன படத்தின் மூலம் றிச்சர்ட் மதெசன் 1954இல் எழுதிய நாவல். அதே நாவல் 1964இலும் 1971இலும் வேறு பெயர்களில் படமாகியிருந்தது. ஒரே கதையை மூன்று தலைமுறைகள் மூன்று தடவை எடுத்துப் பார்த்திருக்கின்றன என்றால், அந்த அச்சம் அவர்களை விட்டு அகலவில்லை என்றே பொருள். அணுகுண்டு, கொள்ளைநோய், எண்ணெய்ப் பஞ்சம், கடல் பெருகுதல் என்று காரணங்கள் மாறும். காட்சி மாறாது: வெறிச்சோடிய நகரம், துருப்பிடித்த வாகனங்கள், யாரோ விட்டுப்போன உணவு மேசை. அமெரிக்கருக்கு இது கற்பனை. காசு கொடுத்து அஞ்சிவிட்டு, வெளியே வந்து காரில் ஏறி வீட்டுக்குப் போகலாம். எங்கள் தீவுப்பகுதி மக்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

மண்டைதீவு, யாழ்ப்பாண நகரத்துக்கு மிக அண்மையில் உள்ள தீவு. கோட்டை மதிலில் நின்றால் பரவைக் கடலுக்கு அப்பால் அதன் பனைகள் தெரியும். தீவிலிருந்து பார்த்தால் கோட்டையும் நகரமும் தெரியும். மீன்பிடியும் தோட்டமும் பனையுமாக வாழ்ந்த சிறிய ஊர் அது. இந்த அண்மையே அதற்கு வினையாயிற்று. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த படையினர் புலிகளின் முற்றுகைக்குள் அகப்பட்டனர். அவர்களை மீட்பதற்காக அவ்வாண்டு ஓகஸ்ட் பிற்பகுதியில் தீவுப்பகுதியில் இறங்கிய இராணுவம், மண்டைதீவைத் தளமாகக் கொண்டு அங்கிருந்து படகுகளில் பரவைக் கடலைக் கடந்து கோட்டைக்குள் புகுந்தது. செப்ரெம்பர் 26இல் கோட்டையே கைவிடப்பட்டது. யாருக்கும் பயன்படாத அந்த வெற்றிக்கிடையே, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் கைதாகிக் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர்கள் பல பத்துப் பேர் வீடு திரும்பவில்லை. அவர்களின் உடல்கள் ஊர்க் கிணறுகளில் போடப்பட்டு மூடப்பட்டன என்பது ஊரவர் அன்று தொட்டு இன்றுவரை சொல்லிவரும் முறைப்பாடு.

1991இல் தீவுப்பகுதி முழுவதும் படையினர் வசமானது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலிருந்து மக்கள் வள்ளங்களிலும் கால்நடையாகவும் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தனர். பின்னர் கொழும்பு, தமிழ்நாடு, பாரிஸ், சூரிச், ரொறன்ரோ. ஓடு வேய்ந்த கல்வீடுகள் நிறைந்த, கொழும்பு முதல் நாட்டின் பல நகரங்களில் கடை வைத்துப் பொருளீட்டிய வணிகரின் ஊர்கள் இரண்டொரு ஆண்டுகளுக்குள் வெறுமையாயின. ஆட்கள் போன பின் ஓடு போயிற்று. ஓடு போன பின் மரம் போயிற்று. மழை உள்ளே இறங்கிய பின் சுவர் தானாகப் போயிற்று. ஒரு கல்வீடு காடாவதற்குப் பத்து ஆண்டுகள் தாராளம்.

போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், 2002இல், நான் அவ்வழியே போனேன். பேருந்து யன்னலுக்கு வெளியே வீடுகள் வந்துகொண்டே இருந்தன, ஆட்கள் வரவில்லை. சுவாமி அறை என்று ஊகிக்கக்கூடிய மாடம் ஒன்றினூடாக ஆலங்கன்று தலை நீட்டியிருந்தது. முற்றங்களில் எருக்கலையும் நாயுண்ணியும். தலையிழந்த பனைகள் வரிசையாக. கட்டாக்காலி மாடுகள் விறாந்தைகளில் படுத்து அசைபோட்டன. இறங்கி நடந்த ஒரு சிற்றூரில், ஊர் முழுவதும் எழுந்து போனபோதும் போகாமல் இருந்துவிட்ட மூதாட்டி ஒருவரைச் சந்தித்தேன். எப்படி ஆச்சி காலம் தள்ளினீர்கள் என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். அவர் சொன்ன மறுமொழியை அன்றைய குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தேன்.

"அரிசி கொஞ்சம் இருந்தது தம்பி. ஒடியல் இருந்தது. கிணத்திலை தண்ணி இருந்தது. ஆருக்குச் சமைக்கிறதெண்டுதான் தெரியேல்லை."

அன்று அதை ஒரு கிழவியின் சலிப்பு என்று எண்ணி, கட்டுரையில் சேர்க்காமல் விட்டேன். படத்தைப் பார்த்த இரவில்தான் அந்த வார்த்தை திரும்ப வந்தது. கூடவே மணிமேகலையும் வந்தது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று அறிஞர் பலர் கொள்வர்; மறுப்பவரும் உளர். அந்த வழக்கு இங்கு வேண்டாம். அத்தீவில் நடந்ததாகச் சாத்தனார் சொல்லும் கதைதான் வேண்டும். ஆபுத்திரன் என்பவனிடம் அமுதசுரபி இருந்தது; எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். பசித்தோர்க்கெல்லாம் ஊட்டிய அவன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்கியது. அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் பாய் விரித்துப் போய்விட்டது. மனித வாடையே இல்லாத தீவில், உலகத்துக்கே சோறிடக்கூடிய பாத்திரத்துடன் அவன் தனித்து நின்றான்.

ஹொலிவூட் கதாசிரியரிடம் இந்த நிலைமையைக் கொடுத்தால் அவர் மகிழ்ந்துபோவார். வற்றாத உணவு கைவசம். இனி வேலி கட்டலாம், ஆயுதம் செய்யலாம், ஆண்டுக்கணக்கில் உயிர் வாழலாம். சாத்தனாரின் ஆபுத்திரனோ, ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் இப்பாத்திரத்தை வைத்துக்கொண்டு என் உயிரை மட்டும் காப்பதோ என்று எண்ணி, அதைக் கோமுகி என்னும் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். எஞ்சியிருப்பதும் வாழ்வதும் ஒன்றல்ல என்பதை இதைவிடக் கடுமையாக எந்தப் படமும் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த ஆச்சி மணிமேகலை படித்தவர் அல்லர் என்றே நினைக்கிறேன்.

கதை அத்துடன் முடியவில்லை. மறுபிறப்பில் சாவக நாட்டு அரசனாகிய அவன், புண்ணியராசன் என்ற பெயரோடு, மணிமேகலை வழிகாட்ட அதே தீவுக்கு வருகிறான். மணலைத் தோண்டுகிறான். தன் எலும்பைத் தானே காண்கிறான். அவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தது அறிந்து தாமும் உயிர்விட்ட வணிகர் ஒன்பதின்மரின் எலும்புகளும் அங்கே கிடந்தன. அதே இடத்தில்தான் தீவதிலகை, புகார் நகரைக் கடல்கொண்ட செய்தியைச் சொல்கிறாள். காணாமற்போன மகனைத் தேடிய சோழன் இந்திரவிழாவை மறந்தான், நகரம் அழிந்தது. ஒரு பெருநகரின் அழிவுச் செய்தி ஒரு சின்னஞ்சிறு தீவில், எலும்புகளின் அருகே வைத்து அறிவிக்கப்படுகிறது.

தமிழருக்கு அழிந்த நாகரிகம் என்றதும் குமரிக் கண்டம் நினைவுக்கு வரும். இறையனார் களவியல் உரை சொல்லும் முச்சங்கங்களும் கடல்கோளும் மேடைதோறும் முழங்கப்பட்டவை. அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆயினும் எவரும் காணாத கண்டத்துக்காகக் கண்ணீர் விடும் நாம், எம் கண்முன் ஒழிந்த ஊர்களின் பெயர்களையாவது சரியாகச் சொல்கிறோமா என்ற கேள்வி எழாமல் இல்லை. 1964 டிசெம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடி கடலுக்கு இரையானது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பற்றி நாம் எழுதியவை எத்தனை?

பெயர்களைப் பற்றிச் சொன்னதால் ஒரு கிளைக்கதை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க்; காரைதீவு அம்ஸ்ரடாம்; நயினாதீவு ஹார்லெம்; அனலைதீவு றொட்டர்டாம்; நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் டெல்வ்ற் என்பதே இன்றும் ஆங்கிலத்தில் பரவலாக வழங்குகிறது. மற்றவை வரைபடங்களில் மங்கிப்போயின. ஆனால், மூல றொட்டர்டாம் 1940 மே 14இல் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் அதன் நடுப்பகுதி முழுவதும் எரிந்தது. சில நாட்களில் மூல மிடில்பேர்க்கும் எரிந்தது. அந்நகரங்கள் மீண்டும் எழுந்தன, மக்கள் திரும்பியதால். அங்கே போய் வந்த புங்குடுதீவு நண்பர் ஒருவர், தம் ஊரின் பழைய பெயர் கொண்ட நகரத்தின் தெருக்களில் நடந்தபோது யார்மீதென்று தெரியாத ஒரு பொறாமை தம்மைப் பற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

எல்லாம் இழந்தபின் எப்படி உயிர் வாழ்வது என்பதற்கும் யாழ்ப்பாணத்தவர் சினிமாவிடம் பாடம் கேட்கவேண்டிய நிலையில் இருக்கவில்லை. 1981இல் வந்த 'மாட் மாக்ஸ்' இரண்டாம் படத்தில் ஒரு தாங்கி பெற்றோலுக்காக மனிதர் கொலை செய்துகொள்கிறார்கள். 1990 யூனில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோல், மின்கலம், சவர்க்காரம், அச்சுத்தாள் யாவும் அருமையாயின. ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளவில்லை, கண்டுபிடித்தோம். மோட்டார் சைக்கிளை ஒரு மூடி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டு விளக்காக்கி ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது. பனம்பழச் சாற்றில் துணி துவைத்தோம். நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாள்களில் அச்சாயின. கோட்டுக்கும் எழுத்துக்கும் இடையே செய்தியைத் தேடி வாசிக்கவேண்டும். ஆனாலும் வாசகர் காத்திருந்து வாங்கினார்கள்.

2009இல் வந்த 'த றோட்' படத்தில் தந்தையும் மகனும் பட்டினியால் சாகும் தறுவாயில், நிலத்தடி அறையொன்றில் யாரோ சேமித்துவைத்த தகர உணவுகளைக் கண்டெடுக்கிறார்கள். தீவுப்பகுதியில் அந்த அறை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது, பானை வடிவில். கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயில் ஊற்றி உலர்த்தினால் பனாட்டு. ஆண்டுகணக்கில் கெடாதவை. மழை பொய்க்கும், கடல் கொந்தளிக்கும், வள்ளம் வராது என்று முன்னோர் எதிர்பார்த்தே வாழ்ந்திருக்கிறார்கள். தண்ணீரும் அப்படித்தான். சுண்ணக்கல்லின் கீழே உப்புநீரின் மேல் மெல்லிய படையாய் மிதக்கும் நன்னீரை நம்பியே தீவுகள் இருக்கின்றன. கூடுதலாக இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். ஊருக்கு ஊர் நன்னீர்க் கிணறு எது, எவ்வளவு அள்ளலாம் என்பது எழுதாத சட்டம். ஆகவேதான் கிணற்றில் உடலைப் போட்டார்கள் என்னும் குற்றச்சாட்டு மற்ற இடங்களைவிடத் தீவில் கூடுதலாக வலிக்கிறது.

வெறிச்சோடிய நகரக் காட்சிக்கு வருகிறேன். ஸ்ரான்லி கிராமர் 1959இல் எடுத்த 'ஒன் த பீச்' படத்தில், அணுப்போருக்குப் பின் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ குடாவுக்குள் நுழைகிறது. மாலுமிகள் கண்ணாடிக் குழாயினூடாக நகரைப் பார்க்கிறார்கள். கட்டடங்கள் யாவும் அப்படியே நிற்கின்றன. தெருவில் ஒரு மனிதர் இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள், இராணுவம் நெருங்கிவர, புலிகளின் அறிவிப்போடு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக வெளியேறினர். அதன் பின் ஐந்து வாரங்கள் வரை யாழ்ப்பாணம் ஆளில்லாத நகரம். அப்போது மண்டைதீவில் இராணுவ முகாம் இருந்தது. அவ்வாண்டு யூன் 28இல் புலிகள் அதைத் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்ட படையினர் இறந்திருந்தனர். அந்த முகாமில் எஞ்சிய, தெற்கில் எங்கோ ஒரு கிராமத்துப் பிள்ளையாகிய சிப்பாய், நவம்பர் மாதத்தில் பரவைக் கடலுக்கு அப்பால் தொலைநோக்கியைத் திருப்பியிருந்தால் என்ன கண்டிருப்பான் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. நூலகத்தின் வெள்ளைக் கட்டடம், கோட்டை மதில், மணிக்கூட்டுக் கோபுரம், ஒரு மனிதரும் இல்லாத தெரு.

அதே ஒக்ரோபர் 30இல், சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றியதையும் இங்கு சொல்லாமல் விட்டால் என் பேனாவுக்கு அழகில்லை. வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் துரத்தப்பட்டனர். நாங்கள் அன்று உரத்துப் பேசவில்லை. அந்த வெளியேற்றத்தைச் சினிமாவில் பதிந்தவர் ஒரு சிங்களக் கலைஞர். பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003) படத்தில், வளர்த்த நாயை விட்டுப் பிரிய மனமில்லாத ஒரு முஸ்லிம் சிறுவன் வருகிறான். நியூயோர்க்கில் வில் ஸ்மித் தம் நாயுடன் எஞ்சுகிறார்; இங்கே மனிதர் போக, நாய் எஞ்சுகிறது. இரண்டில் எது உண்மைக்கு அண்மையில் உள்ளது என்று வாசகர் அறிவர். விமுக்தி ஜயசுந்தர 2005இல் கான் விழாவில் விருது பெற்ற 'சுளங்க எனு பிணிச' படமும் போரும் சமாதானமும் இல்லாத வெட்டவெளியையே காட்டுகிறது. எங்கள் அழிவுக்குப் பிந்தைய சினிமா இவைதாம். அவற்றில் பிசாசுகள் இல்லை.

எங்கள் சொந்தச் சினிமாவோ தானே அழிந்த நாகரிகமாயிற்று. செங்கை ஆழியான் தீவக மீனவர் வாழ்வை வைத்து எழுதிய 'வாடைக்காற்று' 1978இல் படமாக வந்தது. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் பலவும் சாம்பலாயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1981 மே 31 நள்ளிரவை அடுத்து, யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் எரிந்திருந்தன. சோமீதரன் 2008இல் எடுத்த 'எரியும் நினைவுகள்' ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்க்கவேண்டும்.

ஆனால் தீவுகளில் மண்ணுக்கடியில் இருப்பவை எரிவதில்லை. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு வழங்குமாறு அது கட்டளையிடுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; மற்றைச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. அழிவு நேர்ந்த மறுநாள் யாருக்கு என்ன உரிமை என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டிவைத்தார்கள். 1977இல் அல்லைப்பிட்டியில் தற்செயலாக வெளிப்பட்ட சீனப் பாத்திரங்கள் சொங் அரச காலத்தவை என்று கண்டறியப்பட்டன. 2018இல் ஷங்காய் அரும்பொருளகத்து ஆய்வாளர் இலங்கையருடன் சேர்ந்து அங்கே அகழ்ந்து, ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமையான ஓட்டுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் எடுத்தனர். அதே அல்லைப்பிட்டியிலும் அதன் அயலிலும்தான் 2006 மே மாதத்தில் குழந்தைகள் உட்பட 13 பேர் ஒரே இரவில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்ட் 20இல் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அவரைத் தேடி அகழ்ந்தவர் எவருமில்லை.

2009இல் போர் முடிந்தது. மண்டைதீவுக்கு இன்று தடையின்றிப் போகலாம். கோடை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வருவோர் பழைய வீட்டு அத்திவாரத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சமையலறை எது, கிணற்றடி எது என்று காட்டுகிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். 2025 செப்ரெம்பர் 1ஆம் நாள் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அத்தீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கான பணிகளைத் தொடக்கிவைத்தார். ஈரநிலம் கெடும் என்று சூழலியலாளர் சிலர் எதிர்த்தனர்; ஊருக்கு ஆள் வரும் என்று வேறு பலர் மகிழ்ந்தனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அதே 2025இல் பரவைக் கடலுக்கு இப்புறம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது, மண்டைதீவுக் கிணறுகளையும் தோண்டிப் பார்க்கவேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் எழுந்தது. 1990இல் பிள்ளையைக் கொடுத்த தாய்மாரில் உயிருடன் இருப்போர் இப்போது எண்பதை அண்மித்தவர்கள். மழைக்காலத்தில் அந்தக் கிணறுகள் இருந்த இடத்தில் மண் சற்றுத் தாழ்ந்து, நீர் தேங்கி நிற்கும் என்று ஊரவர் ஒருவர் சொன்னார்.